காத்திருக்கக் கட்டிய கணினி: மினிட்மேன் ஏவுகணையின் டி-17பி

1962 அக்டோபர். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வந்து இறங்கிய செய்தி தெரிந்து, உலகம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த நாட்கள். அந்த மாதக் கடைசியில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மால்ம்ஸ்ட்ராம் விமானப்படைத் தளத்தைச் சேர்ந்த நிலத்தடிக் குழிகளில் மினிட்மேன் என்ற புது ஏவுகணைகள் முதன்முறையாகத் தயார்நிலைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும், மூன்றாம் அடுக்குக்கு மேலே, அணுகுண்டுக்குக் கீழே, ஏறக்குறைய 28 கிலோ எடையுள்ள ஒரு கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் டி-17பி. கலிஃபோர்னியாவில் இருந்த ஆட்டோனெட்டிக்ஸ் செய்தது. நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் என்ற விமானக் கம்பெனியின் ஒரு பிரிவு அது.

ஆரம்பகால ராணுவக் கணினிகள் என்று பேச்செடுத்தால் எல்லோரும் பெரிய யானைகளைத்தான் காட்டுவார்கள். பீரங்கி அட்டவணைகளுக்காகப் பிறந்த எனியாக், வான்பாதுகாப்புக்காகக் கட்டடம் கட்டடமாகப் பரப்பி வைத்த சேஜ். நான் டி-17பியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. 1946இல் வெளியுலகுக்கு வந்த எனியாக் 30 டன் எடை, கிட்டத்தட்ட 18,000 வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்), வினாடிக்கு 5,000 கூட்டல். பதினாறு வருடம் கழித்து வேலைக்கு வந்த டி-17பி வினாடிக்கு 12,800 கூட்டல்தான் போட்டது. இரண்டரை மடங்கு, அவ்வளவே. அந்தப் பதினாறு வருடத்தில் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது, அப்படியிருந்தும் இவ்வளவுதானா என்று தோன்றும். இதைச் செய்தவர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை. அவர்கள் வேகத்துக்காக ஓடவே இல்லை. அவர்களுக்கு வந்த கேள்வி வேறு: பல வருடம் யாரும் தொடாமல் ஓடிக்கொண்டே இருந்துவிட்டு, ஏதோ ஒரு நாள் சொன்னவுடன் மூன்று நிமிடம் மட்டும் பிசகாமல் வேலை செய்ய ஒரு கணினியை எப்படிக் கட்டுவது? அதில் உள்ள வினோதங்கள் எல்லாமே இந்த ஒரு கேள்விக்கு வந்த பதில்கள் என்பது என் எண்ணம்.

மூளை தரையில் இருந்தபோது

மினிட்மேனுக்கு முன்னால் இருந்த அமெரிக்க ஏவுகணைகளைப் பார்த்துவிடலாம். டைட்டன் 1 ஏவுகணைக்குக் கணினி தரையில் இருந்தது. ரேடார் ஏவுகணையைப் பின்தொடரும், தரைக்கணினி பாதையைக் கணக்கிடும், திருத்தங்கள் ரேடியோ வழியே மேலே போகும். அந்த வேலையைச் செய்த அத்தீனா என்ற கணினியை யுனிவாக் கம்பெனிக்காக வடிவமைத்தவர் சைமூர் கிரே, பிற்பாடு சூப்பர் கம்ப்யூட்டர்களுக்குப் பேர்போன அதே கிரே. அத்தீனாவில் ஒரு வேடிக்கையான வசதி உண்டு. ஏவும் நேரத்தில் அதைப் போட்டுவிட்டால் ஃபியூஸ் போன்ற பாதுகாப்புகள் எதுவும் கணினியை நிறுத்தாது. உருகினாலும் உருகட்டும், நடுவில் நிற்கக்கூடாது என்பதுதான் கொள்கை.

இந்த ஏற்பாட்டில் பலவீனங்கள் கண்கூடு. ஒரு தளத்தில் மூன்று ஏவுகணை இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வழிநடத்த முடியும். ரேடார் கோபுரத்தில் ஒரு குண்டு விழுந்தால் மூன்றும் குருடு. இதோடு எரிபொருளும் ஒரு தலைவலி. திரவ ஆக்சிஜனை நிரப்பி வைத்துக் காத்திருக்க முடியாது, ஏவும் முன்தான் நிரப்ப வேண்டும். டைட்டன் 1க்கு அதற்கே கால் மணி நேரம் ஆகும். எதிரி ஏவுகணை வந்து சேர அரை மணி நேரம் என்றால், அதில் பாதி இதிலேயே போயிற்று.

அட்லஸ் ஏவுகணையின் பிந்தைய வகைகளில் கணினி ஏவுகணைக்குள்ளேயே ஏறிவிட்டது. அதிலும் ஒரு சிக்கல். இலக்கைக் குறிக்கும் எண்கள் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) அணிகளில் எரித்துப் பதிக்கப்பட்டன. ஆர்மா கம்பெனியில் வென் சிங் சோ 1956இல் கண்டுபிடித்த முறை அது. அழியாது, ஆனால் மாற்றவும் முடியாது. எரித்தது எரித்ததுதான். இலக்கு மாறினால் பாகத்தையே மாற்ற வேண்டும்.

மினிட்மேன் இந்தத் தொல்லைகளை ஒட்டுமொத்தமாக வெட்டிவிட நினைத்த திட்டம். எரிபொருள் திடமானது, தொழிற்சாலையிலேயே வார்த்து நிரப்பிவிடலாம். அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது கூப்பிட்டால் ஒரு நிமிடத்தில் துப்பாக்கியோடு வந்து நின்ற ஊர்க்காவலர்களின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். பெயர் வைப்பது சுலபம். எரிபொருள் தயாராக இருந்தாலும் கணினியும், திசையைப் பிடித்துவைக்கும் சுழல்சக்கரமான கைரோஸ்கோப்பும் தயாராக இல்லையென்றால் ஏவுகணை கிளம்பாது. ஒரு கைரோஸ்கோப் சுழன்று சூடேறி நிலைக்கு வருவதற்கே நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரே வழி, அதை நிறுத்தாமலே இருப்பது.

எனவே மினிட்மேனின் கைரோஸ்கோப்புகள் வருடக்கணக்கில் சுழன்றுகொண்டே இருந்தன. அதற்காக அவற்றில் வாயுத் தாங்கிகள் வைத்தார்கள். சுழலும் சக்கரம் குண்டுமணிகள்மேல் உருளாமல் மெல்லிய வாயுப் படலத்தின்மேல் மிதக்கும். பாகமும் பாகமும் உரசுவது கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டும்தான். ஆகவே அந்தச் சக்கரத்துக்கு ஓட்டம்தான் ஓய்வு, நிறுத்தம்தான் தேய்மானம். நம் வீட்டு மின்விசிறிக்குச் சொல்வதற்கு நேர் எதிர்.

கணினியும் அதே மாதிரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. இங்கேதான் ஆட்டோனெட்டிக்ஸ் ஒரு கெட்டிக்கார முடிவு எடுத்தது. கணினி எப்படியும் குழிக்குள் விழித்திருக்கப் போகிறது. அப்படியானால் ஏவுகணையைச் சோதிக்கும் வேலையையும் அதனிடமே கொடுத்துவிட்டால் என்ன? பறக்கும்போது வழிகாட்டுவது, தரையில் இருக்கும்போது தன்னையும் மற்ற பாகங்களையும் சரிபார்த்துக்கொண்டே இருப்பது, இரண்டும் ஒரே பெட்டி. குழிக்குள் இருக்க வேண்டிய சோதனைக் கருவிகள் அந்த அளவுக்குக் குறைந்தன. ஆயிரம் குழி கட்டுகிற திட்டத்தில் இது சின்ன லாபம் இல்லை.

இந்த முடிவு இன்னொன்றையும் கட்டாயமாக்கியது. ஆட்டோனெட்டிக்ஸ் அதற்கு முன் செய்த வெர்டான் கணினி, ஹவுண்ட் டாக் ஏவுகணையிலும் விஜிலான்டி விமானத்திலும் போனது. அதன் பெரும்பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளைத் துளித்துளியாகக் கூட்டித் தீர்க்கும் தனிவகை இயந்திரம். திசையறிவதற்கு அது அருமை. ஆனால் ‘மூன்றாம் அடுக்கில் எல்லாம் சரியா, இல்லையென்றால் தகவல் சொல்’ என்கிற மாதிரி வேலைகளுக்கு அது ஒத்துவராது. டி-17பி முழுக்க முழுக்கப் பொதுப்பயன் கணினி. நிரலை மாற்றினால் வேலை மாறும். இன்று இதைச் சொன்னால் ‘கணினி என்றால் அப்படித்தானே’ என்பார்கள். 1958 வாக்கில் ஒரு ஏவுகணைக்குள் அப்படி ஒன்றை வைப்பது கேள்விக்குரிய துணிச்சல். என் கணக்கில் இந்தத் திட்டத்தில் எடுத்த மிகச் சிறந்த முடிவும் இதுதான்.

சுழலும் வட்டில் ஒரு நிரல்

இப்போது பெட்டியைத் திறந்து பார்ப்போம். பெட்டி என்று சொல்வதே சரியில்லை. ஏவுகணையின் உட்சுவரை ஒட்டி வளைந்த உடல், 20 அங்குல உயரம், 29 அங்குல விட்டத்தில் அமர்கிற வளைவு, 5 அங்குல ஆழம். நடுவில் கைரோஸ்கோப் மேடை உட்கார்ந்துகொள்ளும். கணினிக்கென்று இடம் ஒதுக்கி அதைச் சுற்றி ஏவுகணையை அமைக்கவில்லை. மிச்சம் இருந்த இடத்தில் கணினியைச் சுற்றிக்கட்டியிருக்கிறார்கள்.

உள்ளே நினைவகம் என்பது ஒரு காந்த வட்டு. நிமிடத்துக்கு 6,000 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 10 மில்லிவினாடி. அதன்மேல் 21 தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 128 சொற்கள், சொல்லுக்கு 24 பிட். சொல் என்றால் இங்கே கணினி ஒரே மூச்சில் கையாளும் ஒரு எண் அல்லது ஒரு கட்டளை. ஒவ்வொரு தடத்துக்கும் அதைப் படிக்க அசையாத தனித் தலை. சில சின்னச் சுழல்தடங்களையும் சேர்த்தால் மொத்தம் 2,727 சொற்கள். இந்தக் கட்டுரையைச் சேமிக்கவே அதில் இடம் போதாது.

ஏவுகணைக்குள் சுழலும் வட்டா என்று முதலில் படித்தபோது எனக்கும் கேட்கத் தோன்றியது. அந்தக் காலத்தில் காந்த வளைய நினைவகம் இருந்தது, வட்டைவிட வேகமானதும்கூட. ஆனால் வளைய நினைவகத்தை இயக்கச் சுற்றிலும் ஏகப்பட்ட மின்சுற்று வேண்டும். ஒவ்வொரு சுற்றும் டிரான்சிஸ்டர் கேட்கும், ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஒரு நாள் கெட்டுப்போகும். வட்டுக்கு ஒரு மோட்டார், சில தலைகள், சமிக்ஞையை வலுவாக்கும் சில சுற்றுகள் போதும். மின்சாரம் போனாலும் எழுதியது அழியாது. அத்துடன், ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பொருளுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் நினைவகம் பொருத்தம்தானே.

இதன் விலையை நிரல் எழுதியவர்கள் கட்டினார்கள். வட்டில் ஒரு சொல் தலையின் கீழ் வருவது டவுன்பஸ் மாதிரி. ஒன்றைத் தவறவிட்டால் அது முழுச் சுற்று சுற்றி வரும்வரை நிற்க வேண்டும். ஒரு சொல் கடக்க 78.125 மைக்ரோவினாடி. ஒரு கூட்டலும் அதே நேரம். பெருக்கலுக்கு வகையைப் பொறுத்து ஏழு அல்லது பதின்மூன்று சொல் நேரம். அடுத்த கட்டளையைப் பக்கத்துச் சொல்லில் வைத்தால், பெருக்கல் முடிவதற்குள் அது தலையைத் தாண்டிப் போயிருக்கும்; பிறகு கிட்டத்தட்ட 10 மில்லிவினாடி சும்மா நிற்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு கட்டளைக்குள்ளும் அடுத்த கட்டளை எங்கே என்று எழுதி வைத்தார்கள். 24 பிட்டில் 4 பிட் என்ன செய்ய வேண்டும் என்பது, 1 பிட் ஒரு கொடி, 7 பிட் அடுத்த கட்டளை இருக்கும் இடம், 5 பிட் தரவு எந்தத் தடத்தில், 7 பிட் அந்தத் தடத்தில் எந்த இடத்தில். 128 இடங்களுக்கு 7 பிட் சரியாகப் பொருந்துவதைக் கவனியுங்கள். ஒரு பிட்கூட வீணில்லை.

ஆக நிரல் எழுதுபவர் வேலை பாதி கணிதம், பாதி பந்தியில் இலை போடுவது. எந்தக் கட்டளை எத்தனை சொல் நேரம் எடுக்கும் என்று எண்ணி, அது முடியும் கணத்தில் தலையின் கீழ் வரப்போகும் காலியிடத்தைத் தேடி, அங்கே அடுத்ததை வைக்க வேண்டும். நல்ல இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் கொஞ்சம் தள்ளி வைத்துக் காத்திருப்பை ஏற்க வேண்டும். கொடி பிட்டின் வேலையும் இதே சிக்கனம்தான்: ஒரு கட்டளை ஓடும்போதே விடையை ஒரு வேகச் சுழல்தடத்தில் போட்டுவைக்கச் சொல்லும், அதற்குத் தனிக்கட்டளை வேண்டாம்.

அந்த வேகச் சுழல்தடங்கள் அழகான தந்திரம். ஒரே தடத்தில் எழுதும் தலையையும் படிக்கும் தலையையும் சில சொல் இடைவெளியில் வைத்துவிட்டால், எழுதியது உடனே படிக்கப்பட்டு மறுபடி எழுதப்பட்டு அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். முழு வட்டு சுற்றும்வரை நிற்கத் தேவையில்லை. இப்படி 1, 4, 8, 16 சொற்கள் கொள்ளும் சுழல்கள் இருந்தன. அடிக்கடி தேவைப்படும் எண் கைக்கெட்டும் தூரத்தில், மற்றது பரணில்.

இன்னொரு சிக்கனமும் சொல்ல வேண்டும். 24 பிட் சொல்லை இரண்டு 11 பிட் பாதிகளாகவும் பயன்படுத்தலாம். துல்லியம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்கிற அளவுகளை இரண்டிரண்டாக அடைத்துவிட்டால், ஒரே கட்டளை இரண்டின்மேலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். கூடுதல் நேரம் ஆகாது. நினைவகமும் மிச்சம்.

சரி, இவ்வளவு மெதுவான வட்டை நம்பி ஏவுகணையை ஓட்ட முடியுமா? இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை எரிபொருள் தீர்ந்தபின் எறிந்த கல் மாதிரி. அதன் பிறகு திருத்தம் கிடையாது. எரிதல் நிற்கும் கணத்தில் வேகம் வினாடிக்கு 30 சென்டிமீட்டர் பிசகினால் இலக்கில் சுமார் ஒரு மைல் பிசகும். திட எரிபொருளைக் குழாய் மாதிரித் திருகி நிறுத்த முடியாது. மூன்றாம் அடுக்கில் நான்கு வாயில்கள் வைத்து, கணினி சொன்ன கணத்தில் அவற்றைத் திறந்து உந்துவிசையைக் கொன்றுவிடுவார்கள். அந்த நேரத்தில் முடுக்கம் புவியீர்ப்பைப்போல ஐந்து மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். 10 மில்லிவினாடியில் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் கூடிவிடும். அதாவது, வட்டின் ஒரே ஒரு சுற்றைக் கணக்கில் விட்டால் குண்டு ஒன்றரை மைலுக்கு மேல் தள்ளி விழும்.

பயமுறுத்துகிற எண்தான். ஆனால் வட்டின் தாமதம் எப்போதும் ஒரே அளவு. எந்தக் கட்டளை எந்த மைக்ரோவினாடியில் முடியும் என்று தாளில் முன்கூட்டியே எழுதிவிடலாம். தெரிந்த தாமதத்தைச் சமன்பாட்டுக்குள் சேர்த்துக்கொண்டு, ‘இன்னும் இத்தனை நேரத்தில் நிறுத்து’ என்று முன்னரே கணித்துவிடலாம். தெரியாத தாமதம்தான் ஆளைக் கொல்லும். இன்றைய கணினிகள் கோடிக்கணக்கான மடங்கு வேகமானவை, ஆனால் ஒரு குறிப்பிட்ட வரி சரியாக எப்போது முடியும் என்று உங்கள் மடிக்கணினியைக் கேட்டால் அதற்கே தெரியாது. நிகழ்நேரக் கருவிகளுக்கு நிரல் எழுதுபவர்கள் டி-17பியைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படுவார்கள் என்று நினைக்கிறேன்.

நினைவகத்தில் இன்னொரு முன்யோசனை. 21 தடங்களில் 20 தடங்கள் தரையிலிருந்து மட்டுமே எழுதக்கூடியவை. நிரலும் மாறிலிகளும் அங்கே. எழுதி முடித்ததும் எழுதும் வசதியை அடைத்துவிடுவார்கள். பறக்கும்போது என்ன குளறுபடி நடந்தாலும் நிரல் கெடாது. மாறும் எண்களுக்கு ஒரு தடமும் சுழல்களும் மட்டும். அட்லஸில் எரித்துப் பதித்ததன் பாதுகாப்பும் கிடைத்தது, இலக்கு மாறினால் கம்பி வழியே புதிதாக எழுதும் சுதந்திரமும் கிடைத்தது.

ஒரே ஒரு பிட், ஒரே ஒரு கூட்டி

டி-17பி பிட் பிட்டாக வேலை செய்யும் கணினி. இரண்டு எண்ணைக் கூட்ட 24 கூட்டிச் சுற்றுகள் இல்லை. ஒரு கூட்டி, அதன் வழியே பிட்கள் வரிசையாக நடந்து போகும். வட்டு எப்படியும் ஒவ்வொரு பிட்டாகத்தான் தருகிறது, பிறகு மற்றது ஏன் அவசரப்பட வேண்டும்? மொத்தக் கணினியிலும் 1,521 டிரான்சிஸ்டர்கள்தான்.

டயோடுகள் மட்டும் 6,282. டிரான்சிஸ்டரைப்போல நான்கு மடங்கு. தர்க்கத்தைப் பெரும்பாலும் டயோடும் மின்தடையும் கொண்டே முடித்திருக்கிறார்கள். டயோடால் செய்த தர்க்க வாயில், அதாவது ஆம்-இல்லை முடிவெடுக்கும் சின்னச் சுற்று, மலிவு, உறுதி. ஆனால் ஒவ்வொரு வாயிலையும் கடக்கும்போது சமிக்ஞை கொஞ்சம் வாடும், ஆம் என்பதை இல்லை என்று தலைகீழாக்கவும் டயோடால் முடியாது. வாடிய இடத்திலும் தலைகீழாக்க வேண்டிய இடத்திலும் மட்டும் ஒரு டிரான்சிஸ்டரை வைத்தார்கள். விலை உயர்ந்த, சந்தேகத்துக்குரிய பொருளைக் கறிக்கு உப்பு போடுகிற மாதிரி அளந்து போட்டிருக்கிறார்கள்.

சந்தேகத்துக்குரிய என்று சொன்னதற்குக் காரணம் உண்டு.

பென்சிலால் ஒரு தட்டு

1957இல், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷாக்லியின் கம்பெனியிலிருந்து எட்டுப் பேர் பிரிந்து போய்த் தொடங்கிய ஃபேர்சைல்டு செமிகண்டக்டர், அடுத்த வருடமே சிலிக்கான் டிரான்சிஸ்டர்களை விற்கத் தொடங்கியது. மினிட்மேனுக்கு டிரான்சிஸ்டர் தரும் ஒப்பந்தம் ஆட்டோனெட்டிக்ஸிடமிருந்து கிடைத்தது. புதுக் கம்பெனிக்கு அது பெரிய வாய்ப்பு, பெரிய கண்டமும்கூட. அவர்கள் அப்போது செய்தது மேசை வடிவ டிரான்சிஸ்டர். சிலிக்கான் துண்டின்மேல் ஒரு சின்னத் திட்டு எழும்பி நிற்கும், அதன் ஓரங்களில் மின்சந்திகள் திறந்தே கிடக்கும். உலோகக் குப்பிக்குள் வைத்து மூடும்போது ஏதாவது உலோகத் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால், அது போய் அந்தச் சந்தியில் ஒட்டி டிரான்சிஸ்டரைக் குறுக்குச்சுற்று ஆக்கிவிடும்.

இதைக் கண்டுபிடித்த சோதனை ரொம்ப எளிது. குப்பியைப் பென்சிலால் தட்டிப் பார்ப்பது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த டிரான்சிஸ்டர் தட்டியவுடன் செத்தது. ஒரு தட்டுக்கே சாகிற பொருளை ஏவுகணையில் ஏற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

தீர்வு ஏற்கெனவே ஒருவருடைய நோட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரில் ஒருவரான ழான் ஹோர்னி 1957 டிசம்பரிலேயே எழுதி வைத்த யோசனை: சிலிக்கானின்மேல் வளரும் ஆக்சைடு படலத்தைச் சுரண்டி எடுக்காமல் சந்திகளின்மேல் அப்படியே விட்டுவிட்டால் அதுவே போர்வையாகும். அன்றைய நினைப்பில் அந்தப் படலம் அழுக்கு, துடைத்தெறிய வேண்டியது. பென்சில் தட்டு வந்து நெருக்கிய பிறகுதான், 1959 தொடக்கத்தில், அவர் அதைச் செய்து காட்டினார். சமதள முறை என்று அதற்குப் பெயர். அதே வருடம், அந்த எட்டுப் பேரில் இன்னொருவரான ராபர்ட் நாய்ஸ், மேலே மூடியிருக்கும் அந்தப் படலத்தின்மேலேயே உலோகக் கம்பிகளைப் படியவைத்தால் பல பாகங்களை ஒரே துண்டில் இணைக்கலாம் என்று எழுதினார். இன்று நாம் சிப் என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. ஏவுகணைக்காகத்தான் சிப் பிறந்தது என்று சொன்னால் மிகை. சமதள முறைக்கு அவசரம் வந்ததில் மினிட்மேனுக்குப் பங்கு உண்டு என்று சொல்வது நியாயம்.

ஆட்டோனெட்டிக்ஸ் டிரான்சிஸ்டரோடு நிற்கவில்லை. மின்தடை, மின்தேக்கி என்று ஒவ்வொரு பாகத்துக்கும் தரத்தை உயர்த்தச் சொல்லி உற்பத்தியாளர்களை நெருக்கியது, அதற்கான செலவை விமானப்படை ஏற்றது. கணினியின் 75 சுற்றுப்பலகைகளுக்கும் பொன்முலாம் பூசிய கம்பித்தடங்கள், ஈரமும் அதிர்வும் தாக்காமல் மேலே ஒரு பாலியூரித்தேன் பூச்சு.

பழுதில்லாமல் ஓடும் சராசரிக் காலம் ஐந்தரை வருடம் என்று டி-17பிக்குக் குறிப்பிடப்படுகிறது. கேட்டால் பெரிதாகத் தெரியாது. ஆனால் டிரான்சிஸ்டர், டயோடு, 1,116 மின்தேக்கி, 504 மின்தடை எல்லாம் கூட்டினால் 9,423 பாகங்கள். ஏதாவது ஒன்று போனாலும் கணினி போனது. மொத்தத்துக்கு ஐந்தரை வருடம் என்றால், தனி ஒரு பாகத்துக்குச் சராசரியாக 50,000 வருடத்துக்கு மேல் வருகிறது. எனியாக்கில் ஓரிரு நாளுக்கு ஒரு வால்வு போய்க்கொண்டிருந்தது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினாறு வருட முன்னேற்றம் கூட்டல் வேகத்தில் தெரியாததற்குக் காரணம், அது இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

குறைகளும்

1961 பிப்ரவரி 1 அன்று கேப் கனாவெரலில் முதல் சோதனை. அந்த நாளில் ஏவுகணைகளை அடுக்கு அடுக்காகத்தான் சோதிப்பார்கள். மினிட்மேனை மூன்று அடுக்கும் வழிகாட்டு அமைப்பும் சேர்த்து ஒரேயடியாகப் பறக்கவிட்டார்கள், பறந்தது. 1965 நடுவில் 800 மினிட்மேன் 1 குழிகளில் நின்றன.

அதற்காக டி-17பியைக் கோவிலில் வைத்துக் கும்பிட வேண்டியதில்லை. 2,727 சொல் என்பது மூச்சு முட்டுகிற இடம். நிரலில் ஒரு சின்னத் திருத்தம் செய்தாலும் இடம் பிடித்து வைத்த கட்டளைகள் எல்லாம் நகர வேண்டியிருக்கும். சுட்டுப் பதிவகங்கள் கிடையாது. ஒரு பட்டியலை வரிசையாகப் பார்க்க வேண்டுமென்றால் கட்டளையையே எண்ணாக எடுத்துத் திருத்தி எழுத வேண்டும். பொதுப்பயன் கணினி என்ற நல்ல முடிவை எடுத்துவிட்டு, அந்தச் சுதந்திரத்தை அனுபவிக்க இடமில்லாமல் வைத்திருந்தார்கள்.

அடுத்து வந்த டி-37சி இதைத்தான் சரிசெய்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் உள்ளிட்ட கம்பெனிகளின் சிப்கள் ஏறக்குறைய 2,000 சேர்ந்த கணினி அது, மினிட்மேன் 2க்காக. நினைவகம் 7,222 சொற்கள், எட்டு இலக்குகளை வைத்துக்கொள்ள முடிந்தது. வட்டு மட்டும் அப்படியே சுழன்றது. அறுபதுகளின் நடுவில் சிப்களை அள்ளி வாங்கியவர்களில் மினிட்மேன் 2 முன்வரிசை, கூடவே நிலவுக்குப் போன அப்பல்லோ. ஆனால் பாகங்கள் குறைந்ததால் எல்லாம் நலம் என்று ஆகிவிடவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் மினிட்மேன் 2இன் வழிகாட்டு அமைப்புகள் எதிர்பார்த்ததைவிட அடிக்கடி பழுதாகி, குழியிலிருந்து பணிமனைக்குப் போய்வந்துகொண்டிருந்தன. டி-17பிக்கு ஒவ்வொரு டயோடையும் துரத்தித் துரத்திச் சம்பாதித்த நம்பகத்தை, புதிய தொழில்நுட்பம் முதல் நாளிலேயே கையில் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

எழுபதுகளில் மினிட்மேன் 1 ஏவுகணைகள் குழியை விட்டு வெளியே வந்தன. கழற்றிய டி-17பி கணினிகளை என்ன செய்வது? அமெரிக்க அரசு அவற்றைப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் கொடுத்தது. நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பெக் முன்னின்று மினிட்மேன் கணினிப் பயனர் குழு என்று ஒன்றை நடத்தினார். வளைந்த உடலை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, மின்வழங்கி ஒட்டி, தட்டச்சு முனையம் ஒன்றை இணைத்து, ஆய்வகக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் கணினியாக மாற்றும் வழிமுறைகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள். தனிக்கணினி கடைக்கு வராத காலம். வெறுங்கையோடு இருந்த துறைகளுக்கு அது கொழுத்த யோகம். வழிகாட்டும் சமன்பாடுகள் இருந்த தடங்களில் மாணவர்கள் தங்கள் பயிற்சி நிரல்களை எழுதினார்கள், அதே 7 பிட்டில் அடுத்த கட்டளைக்கு இடம் தேடினார்கள். மாலையில் ஆய்வகத்தைப் பூட்டும்போது விளக்கோடு சேர்த்து அதையும் அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.